கல்லூரிக்கு ஒரு மடிக்கணினி

நுழையும்முன்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியானதும் பல வீடுகளில் இரண்டு செலவுகள் பேசப்படுகின்றன. ஒன்று, கல்லூரிக் கட்டணம், மற்றொன்று, மடிக்கணினி. கட்டணத்தைக் கல்லூரியே அறிவித்துவிடுகிறது. மடிக்கணினிக்கு எவ்வளவு செலவிடுவது, எதை வாங்குவது என்பதைக் குடும்பமே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. அம்முடிவுக்கு வேண்டிய அறிவை இக்கட்டுரை வழங்குகிறது.

சந்தையில் காளை வாங்கும் உழவர், அதன் கொம்பில் பூசப்பட்ட வண்ணத்தைக் கண்டு விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதை அறிகிறார். சிறிது தொலைவு நடக்கவிட்டுக் கால்களைக் கவனிக்கிறார். உழவுக்கா வண்டிக்கா என்னும் தம் தேவையை மனத்தில் கொண்டே விலை கேட்கிறார். அவருடைய பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கும் நாளில் இந்தப் பட்டறிவு துணைக்கு வருவதில்லை. கடையில் வரிசையாக வைக்கப்பட்ட கருவிகள் யாவும் ஒன்றுபோலவே ஒளிர்கின்றன. ஒவ்வொன்றின் மீதும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒட்டுச்சீட்டுகள் காணப்படுகின்றன. அவற்றைப் படிக்கத் தெரியாதபோது, விற்பவர் கைகாட்டும் கருவியே வீடு வந்து சேர்கிறது.

மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்துக்கு 40,000 ரூபாய் என்பது இரண்டரை மாத உழைப்புக்கும் மேலானது. அத்தொகையில் வாங்கிய கருவி பாடத்துக்குப் பொருந்தாமல் போனால் மறுமுறை வாங்குவது எளிதன்று. பட்டப்படிப்பு முடியும் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளும் அதனுடனேயே மாணவர் போராட வேண்டியிருக்கும். எனவே, குறைந்த விலையில் கிடைப்பது எது என்பதைவிட, படிப்பு முடியும்வரை உழைப்பது எது என்பதே சரியான வினாவாகும்.

வாங்குவதற்கு முன்

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் பலரின் வீட்டுக்கு முதல் கணினியைக் கொண்டுசேர்த்தது. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்ற அறிவிப்பு 2025-26ஆம் ஆண்டுக்கான மாநில நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. ஆதலால், சேரவுள்ள கல்லூரியில் இத்தகைய உதவி கிடைக்குமா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். அரசு வழங்கவிருக்கும் பொருளைக் கடன்பட்டு வாங்குவது வீண் செலவு.

அடுத்துக் கேட்டறிய வேண்டியது, அந்தத் துறையில் என்னென்ன மென்பொருள்கள் பயன்படுத்தப்படுகின்றன என்பது. இதனைத் துறை ஆசிரியரோ மூத்த மாணவரோ இரண்டு நிமிடங்களில் கூறிவிடுவர். இந்த ஒரு வினாவைக் கேட்காமல் வாங்கியவர்களே பெரும்பாலும் பின்னர் வருந்துகின்றனர். வணிகவியல் மாணவர் ஒருவர் விலை குறைவு என்பதற்காகக் குரோம்புக் வாங்குவதாகக் கொள்வோம். இணைய உலாவியை மையமாகக் கொண்ட அக்கருவி கட்டுரை எழுதவும் காணொலி காணவும் நன்கு பயன்படும். ஆனால், கணக்குப்பதிவியலுக்கான டேலி மென்பொருள் விண்டோஸ் இயக்க அமைப்புக்காக உருவாக்கப்பட்டது. குரோம்புக்கில் அதனை நேரடியாக நிறுவ இயலாது. எந்திரவியல் மாணவர் பயன்படுத்தும் சாலிட்வொர்க்ஸ், கட்டடவியல் மாணவர் பயன்படுத்தும் ரெவிட் ஆகியவையும் அத்தகையனவே.

இதற்கு மாறாக, தேவைக்கு மிஞ்சி வாங்கும் தவறும் நிகழ்கிறது. தமிழ், வரலாறு, பொருளியல் போன்ற பாடங்களைப் பயிலும் மாணவருக்குத் தட்டச்சு செய்யவும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் உள்ள நூல்களைப் படிக்கவும், இணைய வகுப்புகளில் பங்கேற்கவும் எளிய கருவியே போதுமானது. அவர் விளையாட்டுக்கென வடிவமைக்கப்பட்ட கணினியை வாங்கினால், பயன்படாத வரைகலைச் செயலிக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பதோடு, இரண்டு கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையை நாள்தோறும் பேருந்தில் சுமக்கவும் நேரிடும். செயற்கை நுண்ணறிவு பயிலும் மாணவர்க்குக்கூட விலைமிகுந்த வரைகலைச் செயலி முதலாண்டிலேயே தேவைப்படுவதில்லை. கூகுளின் கோலாப் போன்ற இணையத் தளங்கள், தொலைவில் உள்ள வரைகலைச் செயலியை ஒரு வரம்புக்குட்பட்டுக் கட்டணமின்றிப் பயன்படுத்த இடமளிக்கின்றன. கட்டடக்கலை, அசைவூட்டம், காட்சித் தொடர்பியல் ஆகிய துறைகளில் சேர்வோரின் நிலை வேறு. அவர்களுக்கு 16 ஜிபி நினைவகமும் நல்ல திரையும் தேவை. அங்குச் சிக்கனம் பார்த்தால் படிப்பே தடைப்படும்.

வாய்ப்பிருப்பின், முதல் பருவத்தில் கல்லூரி ஆய்வகக் கணினியைக் கொண்டே சமாளித்து, பாடத்தின் தன்மையை அறிந்தபின் வாங்குவது நல்ல வழியாகும். சேர்க்கை நாளன்றே கையில் கணினி இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் பல படிப்புகளில் இல்லை.

மேசையும் அலமாரியும்

கணினியின் வேகத்தைத் தீர்மானிப்பது நுண்செயலி மட்டுமே என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அன்றாடப் பயன்பாட்டில் கணினியை முடக்குவது பெரும்பாலும் நினைவகக் குறைவும் மெதுவான சேமிப்பகமுமே. தற்காலிக நினைவகமாகிய ரேமைப் படிக்கும் மேசைக்கும், சேமிப்பகத்தைப் புத்தக அலமாரிக்கும் ஒப்பிடலாம். படிக்கும் நூல்கள் யாவும் மேசைமீது விரிந்திருந்தால் வேலை விரைவாக நடக்கும். மேசை சிறியதாயின், ஒரு நூலை எடுக்க மற்றொன்றை அலமாரியில் வைத்துவிட்டு வரவேண்டும். நினைவகம் நிரம்பியதும் கணினியும் இவ்வாறே தரவுகளைச் சேமிப்பகத்துக்கு மாற்றி மாற்றி எடுக்கிறது. அப்போதுதான் சுட்டி நகராமல் நிற்கிறது, திரை உறைந்துபோகிறது.

விண்டோஸ் 11 இயங்குவதற்கு 4 ஜிபி நினைவகம் போதும் என அதனை உருவாக்கிய நிறுவனம் குறிப்பிடுகிறது. அது தொடங்குவதற்குப் போதுமான அளவே அன்றி, உழைப்பதற்குப் போதுமான அளவன்று. இயக்க அமைப்பே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்ததும் எஞ்சியதும் தீர்ந்துவிடும். 8 ஜிபி என்பதைக் கீழெல்லையாகக் கொள்ளலாம். அந்த 8 ஜிபி எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது என்பது அதனினும் இன்றியமையாதது. சில கருவிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனைப் பின்னர்க் கூட்ட இயலாது. வேறு சிலவற்றில் கூடுதல் நினைவகத்தைப் பொருத்துவதற்கான காலியிடம் இருக்கும். இரண்டாமவை சற்று விலை கூடுதலாயினும், மூன்றாம் ஆண்டில் நினைவகச் சில்லு ஒன்றை மட்டும் வாங்கிப் பொருத்தி அக்கருவியின் வாழ்நாளை நீட்டிக்கலாம். விலை குறித்துப் பேசுவதற்கு முன் கடைக்காரரிடம் இதனைக் கேட்பது நலம். பெட்டியின் மேற்புறத்தில் இச்செய்தி அச்சிடப்படுவது அரிது.

சேமிப்பகத்தில் முன்னர்ப் பரவலாக இருந்தது வன்வட்டு. அதனுள் தட்டுகள் சுழல, ஊசி போன்ற முனை நகர்ந்து தரவைத் தேடும். எஸ்எஸ்டி எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்புகள் இல்லை. அதனால் தரவைத் தேடும் நேரம் மிகக் குறைகிறது. பேருந்துக் குலுக்கலாலும் பழுது நேர்வதில்லை. 1000 ஜிபி வன்வட்டைவிட 256 ஜிபி எஸ்எஸ்டி மாணவருக்கு மேலானது. எண் பெரிதாக இருப்பதைக் கண்டு வன்வட்டைத் தேர்ந்தெடுப்பது, விரைவைக் கொடுத்து வெற்றிடத்தை வாங்குவதாகும். மிகக் குறைந்த விலைக் கருவிகள் சிலவற்றில் 64 ஜிபி அளவிலான இஎம்எம்சி சேமிப்பகம் இருக்கும். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்த அளவே 64 ஜிபி என்பதால், சில மாதப் புதுப்பித்தல்களுக்குள்ளேயே அது நிரம்பித் திணறும்.

தெரிந்து தெளிவோம்

512 ஜிபி எனக் குறிப்பிட்டு விற்கப்படும் சேமிப்பகத்தை விண்டோஸ் ஏறக்குறைய 476 ஜிபி எனக் காட்டும். இதனைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டா. உற்பத்தியாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டுகளாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 107 கோடிக்கும் சற்றுக் கூடுதலான பைட்டுகளை, அதாவது இரண்டின் முப்பதாம் அடுக்கை, ஒரு ஜிபியாகக் கொள்கிறது. பொருள் ஒன்றே, அளக்கும் படி வேறு.

பெயருக்குள் இருக்கும் வயது

காளையின் வயதைப் பல் காட்டுவதுபோல், நுண்செயலியின் வயதை அதன் எண் காட்டுகிறது. இன்டெல் நிறுவனத்தின் ஐ3, ஐ5, ஐ7 என்னும் பெயர்களில் ஐ7 உயர்ந்தது என்பது பலரும் அறிந்ததே. ஒரே தலைமுறைக்குள் மட்டுமே அவ்வொப்பீடு செல்லும். ஐ7-7500யூ என்பது 2016இல் வெளிவந்த ஏழாம் தலைமுறைச் செயலி; இரண்டு கருக்களைக் கொண்டது. ஐ3-1215யூ என்பது 2022இல் வெளிவந்த பன்னிரண்டாம் தலைமுறைச் செயலி. ஆறு கருக்களைக் கொண்டது. தலைமுறையை அறியாதவர் ஐ7 என்னும் ஒட்டுச்சீட்டை நம்பி முன்னதை வாங்கக்கூடும். அது வேகத்தில் பின்தங்குவதோடு, விண்டோஸ் 11இன் ஏற்புப் பட்டியலிலும் இடம்பெறாது.

ஏஎம்டி நிறுவனம் 2023ஆம் ஆண்டு வரிசைக்கு வகுத்த எண்முறை இன்னும் கவனத்திற்குரியது. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ என்னும் இரு பெயர்களும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றுகின்றன. நான்கு இலக்கங்களுள் முதலாவது, விற்பனை ஆண்டைக் குறிப்பது. செயலியின் உள் வடிவமைப்பு எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதை மூன்றாம் இலக்கமே காட்டுகிறது. 7520இல் அது 2. அதன் பொருள், 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. 7530இல் அது 3. ஜென் 3 வடிவமைப்பு. முன்னதில் நான்கு கருக்கள், பின்னதில் ஆறு. பத்து என்னும் எண் வேறுபாட்டுக்குள் ஒரு தலைமுறையே மறைந்திருக்கிறது. இத்தகைய பெயரிடல் வாங்குவோருக்கு உதவுவதாகக் கூறுவது கடினம்.

இவ்வெண்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையில்லை. கடையில் செயலியின் முழுப்பெயரை, கடைசி எழுத்துவரை, தாளில் குறித்துக்கொண்டு, அது எந்த ஆண்டில் வெளிவந்தது, எத்தனை கருக்கள் கொண்டது என்பதைத் திறன்பேசியில் தேடினால் போதும். முழுப்பெயரைக் கூறாமல் "ஐ5தான், நல்ல கணினி" என்று மட்டும் கூறுபவரிடம் விலை பேசத் தொடங்குவது நன்றன்று.

கண்ணுக்கும் தோளுக்கும்

திரையை வாங்குவோர் அங்குலத்தில் மட்டும் அளக்கின்றனர். 1366க்கு 768 என்னும் அமைப்புள்ள திரையில் ஏறக்குறைய 10.5 லட்சம் படப்புள்ளிகள் இருக்கும். 1920க்கு 1080 என்னும் அமைப்பில் 20.7 லட்சத்துக்கும் மேல் இருக்கும். தமிழ் எழுத்தைப் படிக்கும்போது இவ்வேறுபாடு நன்கு விளங்கும். சிறிய எழுத்தில் அமைந்த பக்கத்தில் மெய்யெழுத்தின் புள்ளியும் உகரச் சுழியும் மங்கினால் சொல்லே மாறிவிடும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரை, நெடுநேரம் படிப்போருக்கு ஏற்றது.

மின்கலத்தை வாட்-மணி என்னும் அலகால் அளக்கின்றனர். "பத்து மணிநேரம் உழைக்கும்" என்னும் விளம்பர வரியைவிட இந்த அலகு நம்பத்தக்கது. 42 வாட்-மணி மின்கலம் கொண்ட கணினி சராசரியாக 7 வாட் செலவிட்டால் ஆறு மணிநேரம் இயங்கும். காணொலியும் வெளிச்சமும் கூடி 14 வாட் ஆனால் மூன்று மணிநேரமே இயங்கும். மின்செருகி குறைவாக உள்ள வகுப்பறையிலும் விடுதியிலும் இக்கணக்கு நாள்தோறும் தேவைப்படும். எடையைக் கணக்கிடும்போது மின்னேற்றியின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழையதில் புதியது

நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் அலுவலகக் கணினிகளைச் சரிபார்த்து விற்கும் கடைகள் பெருநகரங்களில் உள்ளன. சென்னை ரிச்சித் தெருவில் இத்தகைய கணினிகளைக் காணலாம். அலுவலகப் பயன்பாட்டுக்கென உருவாக்கப்பட்டவை பெரும்பாலும் உறுதியான உடலும் நல்ல விசைப்பலகையும் கொண்டவை. உறுப்புகளை மாற்றுவதும் எளிது. கையிருப்பு மிகக் குறைவாக உள்ள குடும்பத்துக்கு, தரம் குறைந்த புதிய கருவியைவிட இத்தகைய பழைய கருவியே மேலானதாக அமையக்கூடும். எனினும், இங்கு மூன்று சோதனைகளைத் தவிர்க்கலாகாது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிவடைந்தது. ஆகவே, விண்டோஸ் 11 முறையாக இயங்கும் கருவியாக இருத்தல் வேண்டும். இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. இரண்டாவது, மின்கலம். வடிவமைப்பின்போது இருந்த கொள்ளளவு எவ்வளவு, இன்று நிரம்பும் அளவு எவ்வளவு என்பதைக் காட்டும் அறிக்கையை விண்டோஸ் இயக்க அமைப்பே உருவாக்கித் தரும். 50 வாட்-மணி இருந்தது 28 ஆகியிருந்தால், புதிய மின்கலத்தின் விலையையும் சேர்த்தே அக்கருவியின் விலையைக் கணக்கிட வேண்டும். மூன்றாவது, எழுத்துவடிவிலான உத்தரவாதம். வாய்மொழி உறுதி, கடையின் படியைத் தாண்டியதும் கரைந்துவிடும்.

விண்டோஸுக்கெனத் தனியே செலவிட இயலாதோர், தம் பாட மென்பொருள்கள் இடந்தருமாயின், உபுண்டு போன்ற கட்டற்ற இயக்க அமைப்பையும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளையும் விலையின்றிப் பெறலாம். நிரலாக்கம் பயில்வோருக்கு இதில் இழப்பில்லை, பயனே மிகுதி.

தவணை என்னும் கணக்கு

"வட்டியில்லாத் தவணை" என்னும் சொல் கடைகளில் பெரிய எழுத்தில் காணப்படுகிறது. வட்டியே இல்லாத கடன் என்னும் கருத்து நடைமுறையில் இல்லாதது என இந்திய ரிசர்வ் வங்கி 2013இல் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் குறிப்பிட்டது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ரொக்கம் கொடுத்தால் 40,000 ரூபாய்க்குக் கிடைக்கும் கருவி, தவணையில் மாதம் 4,667 ரூபாய் வீதம் ஒன்பது மாதம் என்று கூறப்படுகிறது. செயல்முறைக் கட்டணம் 300 ரூபாய். மொத்தம் 42,303 ரூபாய். வட்டி என்னும் சொல் எங்கும் இல்லை. ஆனால் 2,303 ரூபாய் கூடுதலாகச் செல்கிறது. மாதந்தோறும் கடன் குறைந்துகொண்டே வருவதைக் கருத்தில் கொண்டால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 14 விழுக்காட்டு வட்டிக்குச் சமம். தவணை தவறானது என்பது இதன் பொருளன்று. அதன் விலையை அறிந்து ஏற்க வேண்டும் என்பதே கருத்து. ரொக்க விலை என்ன என்று கேட்காமல் தவணைத் தாளில் கையெழுத்திடலாகாது.

கல்விக்கடன் பெறும் மாணவர்கள் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையெனில் நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவும் கடனில் சேர்க்கத்தக்கதாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. விண்ணப்பிக்கும்போதே அச்செலவையும் குறிப்பிட்டுக் கேட்டால், தனியாக அதிக வட்டிக்குக் கடன் வாங்க நேராது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. ஓராண்டில் அது 12,000 ரூபாய். அத்தொகையின் ஒரு பகுதியைக் கருவிக்கென ஒதுக்கிச் சேமிப்போர், இரண்டாம் ஆண்டில் கடனின்றி வாங்க முடியும்.

கடைக்காரர் கூறும் கூடுதல் செலவுகளிலும் கவனம் தேவை. வைரஸ் தடுப்பு மென்பொருள் விண்டோஸுடனேயே வருவதால், மாணவர் அதனைத் தனியே வாங்க வேண்டியதில்லை. அலுவலக மென்பொருளைக் கல்லூரிகள் பல தம் மாணவருக்கு விலையின்றி வழங்குகின்றன. வரைபட மென்பொருளான ஆட்டோகேட் போன்றவற்றுக்கும் மாணவர்க்கான இலவச உரிமம் உண்டு. இவற்றில் மிஞ்சும் பணத்தைக் கீழே விழுதல், நீர் சிந்துதல் ஆகியவற்றுக்கான பாதுகாப்புத் திட்டத்தில் செலவிடலாம். விடுதியில் ஒரு குவளைத் தேநீர் செய்யும் சேதத்தை வழக்கமான உத்தரவாதம் ஏற்பதில்லை. பழுதுநீக்கும் மையம் சொந்த ஊரில் இருப்பதைவிடக் கல்லூரி உள்ள ஊரில் இருப்பதே பயன்தரும்.

வாங்கிய முதல் வாரம்

பொருளை மாற்றித்தரும் காலம் பெரும்பாலும் சில நாள்களே. ஆகவே, பெட்டியைப் பிரித்த அன்றே சோதனை தொடங்க வேண்டும். இணையவழி வாங்கியதாயின், பெட்டி திறப்பதைக் காணொலியாகப் பதிந்துகொள்வது வழக்குக்கு உதவும். கேட்ட செயலியும் நினைவகமுமே உள்ளனவா என்பதைக் கணினியின் அமைப்புப் பக்கத்தில் ஒப்பிட வேண்டும். திரை முழுவதையும் வெண்மையாகவும் பின்னர்க் கருமையாகவும் மாற்றி, ஒளிராத புள்ளிகள் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். விசைகள் ஒவ்வொன்றையும் அழுத்தி, ஒலிவாங்கி, படக்கருவி, இணைப்புத் துளைகள் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். ஒருமுறை மின்கலம் தீரும்வரை பயன்படுத்தி, எவ்வளவு நேரம் உழைத்தது என்பதைக் குறித்து வைக்கலாம்.

சரக்கு மற்றும் சேவை வரி எண்ணுடன் கூடிய விலைச்சீட்டில், கருவியின் வரிசை எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் அவ்வெண்ணை உள்ளிட்டால் உத்தரவாதம் எந்நாளில் தொடங்கியது என்பது தெரியும். சில வேளைகளில், கடைக்குச் சரக்கு வந்த நாளே தொடக்க நாளாகப் பதிவாகியிருக்கும்; வாங்கியவர் அறியாமலே சில மாதங்கள் கழிந்துபோயிருக்கும். விலைச்சீட்டின் படியை அனுப்பினால் அந்நாளைத் திருத்திப் பெறலாம். வெப்பத்தாளில் அச்சிடப்பட்ட சீட்டு ஓராண்டுக்குள் வெளுத்துவிடுமாதலால், அதனைத் திறன்பேசியில் படமெடுத்து, பெற்றோரின் திறன்பேசியிலும் ஒரு படியைச் சேமித்து வைத்தல் வேண்டும்.